ஒரு கட்டம் தள்ளி

சீனப் புத்தாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கினேன். எண்பத்தொன்பதாம் வருடம். சுங்கை ரோட்டு நடைபாதையில் தார்ப்பாய் விரித்துப் பழைய ரேடியோ, ஸ்பேனர், ஒயர் அறுந்த டெலிபோன் என்று விற்கிற முகம்மது யூசுப் அதைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். தைவானில் செய்த நகல் பெட்டி. டீவியில் சொருகி விளையாட வேண்டும். அதோடு ஒரு கேசட். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தில் வாள் பிடித்த ஒருவன், ஒரு குதிரை, பின்னால் ஒரு கோட்டை. எழுத்தெல்லாம் ஜப்பானியம்.

யூசுப் காசை வாங்குவதற்கு முன்பே பொருளின் குறையைச் சொல்லிவிடுகிற ஆள். விளையாடி நிறுத்திய இடத்தை இந்தக் கேசட் ஞாபகம் வைத்துக்கொள்ளாது, பெட்டியை அணைத்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்துதான் என்றார். அப்படியென்றால் எப்படி முடிப்பது என்று கேட்டேன்.

"ஆஃப் பண்ணாம இருந்தா முடிக்கலாம் லா," என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. செய்யக்கூடிய காரியமாகத்தான் எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து கேசட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஜூரோங்கில் கம்ப்யூட்டருக்கு டிஸ்க் டிரைவ் செய்கிற ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட், அதனால் இதெல்லாம் கைக்குப் பழக்கம். உள்ளே பேட்டரிக்கு இடம் விட்டிருந்தது, பேட்டரி இல்லை. ஞாபகம் வைக்க வேண்டிய சில்லும் இல்லை. நகல் எடுத்தவன் அதில் மிச்சம் பிடித்திருக்கிறான். பழுது பார்க்கிற விஷயம் இல்லை இது. திரும்ப மூடி ஸ்க்ரூவை முடுக்கினேன்.

விளையாட்டு இதுதான். கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு நிலம். நம் ஆட்கள் நீலம், எதிரிகள் சிவப்பு. முதலில் நம் ஆட்கள் ஒவ்வொருவரையும் எங்கே நிறுத்துவது, யாரை அடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். எல்லோரையும் நகர்த்தி முடித்த பிறகு எதிரியின் முறை. காட்டுக் கட்டத்தில் நிற்பவனுக்கு அடி குறைவாக விழும். மலையில் குதிரை ஏறாது. பாலத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். ஒரு சண்டை முடிந்தால் அதே ஆட்களோடு அடுத்த நிலம். சண்டை போடப் போட அவர்களுக்குப் பலம் ஏறும். செத்தவன் திரும்பி வரமாட்டான். அந்தச் சண்டையில் மட்டுமில்லை, அதற்குப் பிறகும் கிடையாது.

பீச் ரோட்டு ஆர்கேடில் காசு போட்டு ஆடுகிற எல்லாவற்றிலும் மூன்று உயிர் கொடுப்பார்கள். விரல் வேகம் இருந்தால் போதும். இதில் விரலுக்கு வேலையே இல்லை. நான் யோசித்து முடிக்கும் வரை எதிரி அசையாமல் நிற்பான். ஆலையில் பெல்ட் என்னைக் கேட்டு ஓடுவதில்லை, அதற்கு முன்னால் பாலிடெக்னிக்கில் மணியும் என்னைக் கேட்டு அடித்ததில்லை. பட்டனை நான் அழுத்தினால்தான் உலகம் நகரும் என்கிற விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஜப்பானிய எழுத்து ஒரு தடையாக இல்லை. மேலே இருப்பதை அழுத்தினால் அடிப்பான், இரண்டாவதை அழுத்தினால் பையைத் திறப்பான். தப்பாக அழுத்தினால் யாராவது சாவார்கள், அதற்கப்புறம் மறக்காது.

முதல் சில நாள் நிறையப் பேர் செத்தார்கள். அப்போதுதான் மாமா வந்து உட்கார்ந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி சவரிராஜ். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ரிக்கர் வேலை. கிரேனுக்குக் கீழே நின்று இரும்புத் துண்டுகளுக்குச் சங்கிலி மாட்டி, கையைக் காட்டி ஏற்றி இறக்குகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரோவல் ரோட்டில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மடக்குக் கட்டிலும் ஒரு சூட்கேசும் அவருடையவை. நான் விளையாடுவதைச் சட்டையைக்கூட மாற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் என் குதிரைக்காரனைத் தனியாக எதிரிக் கூட்டத்துக்குள் அனுப்பியதும் வாயைத் திறந்தார்.

"உன்னை எங்க யார்டுல ஃபோர்மனா போட்டா மத்தியானத்துக்குள்ள கம்பெனியையே இழுத்து மூடிருவாங்க, மாப்பிள்ளை."

அவர் கையில் கொடுத்தேன். ஒரே ஒரு சண்டைக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் எடுத்துக்கொண்டார். ஒருத்தனை நகர்த்துவதற்கு முன் அவனைச் சுற்றி எத்தனை எதிரி எட்ட முடியும் என்று கட்டம் கட்டமாக விரலால் டீவிக் கண்ணாடியைத் தொட்டு எண்ணினார். யாரும் சாகவில்லை. அன்றைக்கு அவர் ஒரு சட்டம் வைத்தார். ஒரு ஆள் போனாலும் அது முடித்த கணக்கில் வராது. எனக்கு அது சரியென்று பட்டது. முடிப்பதென்றால் ஒழுங்காக முடிக்க வேண்டும்.

முடிப்பது என்பது எங்கள் வீட்டில் கொஞ்சம் கூர்மையான சொல். இரண்டு வருடத்துக்கு முன் பாலிடெக்னிக்கில் ஒரு பேப்பர் போனது. திரும்ப எழுதலாம் என்றார்கள். நான் போகவில்லை. மீதிப் பேப்பர்களுக்கும் போகவில்லை. அம்மா அதற்காகக் கத்தவில்லை. எப்போதாவது நான் பாதிச் சோற்றில் எழுந்தால், செய்தித்தாளைப் பாதியில் மடித்தால், "நீ எதையும் முடிச்சதா எனக்கு ஞாபகமே இல்லடா, பெர்னார்ட்," என்பார். அம்மாவின் பெயர் அந்தோனியம்மாள். அவருக்கு ஞாபகசக்தி அதிகம்.

ஆகவே இதை முடிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒருவரும் சாகாமல், பெட்டியை அணைக்காமல்.

மாமாவும் நானும் ஒரே படையை இரண்டு ஷிப்டாக ஓட்டினோம். ஆலை பஸ் என்னைச் சிராங்கூன் ரோட்டில் இறக்கிவிடும்போது அவர் பட்டறை பஸ்ஸில் ஏறிப் போயிருப்பார். காலையில் நான் ஆடிவிட்டுத் தூங்குவேன். சாயங்காலம் அவர் வந்து ஆடுவார், நான் வேலைக்குக் கிளம்பும் வரை பக்கத்தில் இருப்பேன். ஷிப்ட் மாறும்போது எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று அடுத்த ஆளிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது இரண்டு பேருடைய வேலையிலும் உள்ள வழக்கம். நான் கிளம்பிய பிறகு அவர் செய்ததை எனக்குச் சொல்ல நடுவில் ஒரே ஆள்தான் இருந்தது. விடியலில் கோப்பி ஊற்றிக் கொடுக்கிற அம்மாவிடம் மாமா சொல்லிவிட்டுப் போவார். நான் வந்ததும் அம்மா ரொட்டித் தட்டை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒப்பிப்பார்.

"மொட்டையன் பாலத்து மேலயே நிக்கட்டுமாம். அவன் நகர்ந்தா எல்லாம் உள்ள வந்துரும்னான். வில்லுக்காரி அவனுக்குப் பின்னாடி. குதிரைக்காரனுக்கு உடம்பு சரியில்ல, அவனை இழுத்து வைக்கணுமாம்."

"எந்தப் பக்கம் இழுக்கணும்?"

"எனக்கென்ன தெரியும்? காட்டுப் பக்கம்னான்."

ஜப்பானியப் பெயர்களை எங்களால் படிக்க முடியாததால் நாங்களே பெயர் வைத்திருந்தோம். மொட்டையன் தலையில் முடி இல்லாத கோடரிக்காரன். வில்லுக்காரி ஒரு பெண். மூன்றாவது சண்டையில் வெள்ளை அங்கி போட்ட ஒருவர் வந்து சேர்ந்தார். கையில் ஆயுதம் இல்லை, ஒரு தடி மட்டும். அடிபட்டவனுக்குப் பக்கத்தில் நின்று தடியைத் தூக்கினால் அவனுக்குக் காயம் ஆறும். நானும் மாமாவும் பேசி வைத்துக்கொள்ளாமலே அவரை ஃபாதர் என்று கூப்பிட ஆரம்பித்தோம். வேறு எப்படிக் கூப்பிடுவது?

அம்மாவுக்கு அந்தப் பெட்டியே பிடிக்காது. வெளியே கிளம்பும்போது வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைப்பது அவருடைய பழக்கம். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று ஓஃபிர் ரோடு மாதா கோயிலுக்குப் போகும்போது அப்படித்தான் இதையும் அணைத்தார். பாதிக்கு மேல் தாண்டியிருந்தோம். மறுநாள் மாமா பட்டறையிலிருந்து ஒரு சிவப்பு அட்டை கொண்டுவந்தார். கப்பலுக்குள் ஆள் இறங்கியிருக்கும்போது மேலே உள்ள சுவிட்சில் மாட்டிவைக்கிற அட்டை. நான்கு மொழியிலும் எழுதியிருக்கும். ஆள் வேலை செய்கிறார், தொடாதே. அதை டீவிக்குப் பின்னால் உள்ள சுவிட்சில் கட்டினார். என் அப்பாவும் உயிரோடு இருந்தவரை அதே பட்டறையில்தான் வேலை பார்த்தார். அம்மா அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அந்தச் சுவிட்சின் பக்கம் போகவே இல்லை.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். தவக்காலம் முழுக்கப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

எதிரி யோசிப்பதில்லை என்பதை மாமாதான் முதலில் கண்டுபிடித்தார். எட்டுகிற தூரத்தில் யார் பலவீனமோ அவனைத்தான் அடிக்க வருவான். பக்கத்திலேயே மொட்டையன் நின்றாலும் விட்டுவிட்டு நோஞ்சானைத் தேடிப் போவான். எங்கள் படையில் பலவீனமானவர் ஃபாதர். ஆகவே எதிரி எட்டுகிற தூரத்தை எண்ணி, அதற்கு ஒரே ஒரு கட்டம் தள்ளி ஃபாதரை நிறுத்துவோம். எதிரி அவரைப் பார்த்துக் கோட்டையை விட்டு வெளியே வருவான். ஒரு கட்டம் எட்டாமல் நடுவழியில் நிற்பான். நம் முறை வந்ததும் காட்டிலிருந்து எல்லோரும் இறங்கி அவனை அடிப்போம். இரண்டு இரண்டு பேராக வெளியே இழுத்து ஒரு கோட்டையையே காலி பண்ணலாம். அது நடக்கிறபோது உடம்புக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் ஓடும். தாழ்ப்பாள் சரியாக விழுகிற மாதிரி.

அம்மா இதைப் பார்த்துவிட்டார்.

"ஃபாதரை இரையாவா வைக்கிறீங்க?"

"ஒரு கட்டம் தள்ளித்தான் அக்கா நிக்கிறாரு. எட்டாது," என்றார் மாமா.

"நீ போய் நில்லேன் ஒரு கட்டம் தள்ளி."

"நான் தினமும் அங்கதான் நிக்கிறேன்," என்றார் மாமா, டீவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அதிலிருந்து அம்மா ஹாலைக் கடக்கும்போதெல்லாம் திரையில் வெள்ளை அங்கி எங்கே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். காலையில் ஒப்பிக்கும்போது கடைசியாக, யாரும் கேட்காமலே, "ஃபாதர் நல்லா இருக்காராம்," என்று சேர்த்துக்கொள்வார்.

குருத்து ஞாயிறன்று கோயிலிலிருந்து வந்து குருத்தோலையைச் சிலுவையில் செருகிவிட்டு அம்மா விஷயத்தை எடுத்தார். எங்கள் வீட்டில் பெரிய வியாழன் மாலைப் பூசையில் மணி அடித்து ஓய்ந்தால், சனிக்கிழமை நள்ளிரவு ஈஸ்டர் பாஸ்கா பூசையில் மறுபடி மணி அடிக்கும் வரை டீவி, ரேடியோ எதுவும் கிடையாது. கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுகிற மாதிரி, அம்மா வீட்டுச் சிலுவையையும் மாதா சுரூபத்தையும் மூடுவார். டீவியையும் சேர்த்து மூடுவார். அதை எங்கே படித்தாரோ தெரியாது. நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

வியாழனுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். முடியவில்லை. பட்டறையில் ஒரு எண்ணெய்க் கப்பல் ஈஸ்டருக்குப் பிறகு புறப்பட வேண்டியிருந்ததால் மாமாவுக்கு அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். எனக்கும் ஒரு நாள் இரட்டை ஷிப்ட். வியாழன் சாயங்காலம், கடைசிக்கு முந்தின கோட்டையைப் பிடித்தோம். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். திரையில் வந்த வரைபடத்தில் மீதி இருந்தது ஒரே ஒரு கோட்டை, ஒரே ஒரு சண்டை. அம்மா வெள்ளைச் சேலை கட்டி, கையில் ஊதாத் துணியோடு நின்றார்.

அவருக்கும் எங்களுக்கும் அங்கே ஒரு பேரம் நடந்தது. டீவி கட்டாயம் அணைக்க வேண்டும். பெட்டி எரியலாம், ஆனால் சண்டை கூடாது. மணி அடிக்கும் வரை யாரும் துணியை எடுக்கக் கூடாது. எனக்கு இது எதிர்பார்த்ததைவிட நல்ல பேரமாகத் தெரிந்தது. சரி என்று வாக்குக் கொடுத்தேன். அம்மா துணியை இரண்டாக மடித்து டீவியின் மேலிருந்து தொங்கவிட்டு, கீழே தட்டில் இருந்த பெட்டியையும் சுற்றிச் செருகினார். நான் ஆலையில் சூடான சில்லுகளோடு வேலை பார்க்கிறவன். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. துணிக்கு வெளியே சிவப்பு அட்டை மட்டும் தொங்கியது.

பெரிய வெள்ளி கோயிலில் போனது. சனிக்கிழமை மத்தியானம் நான் தூங்கி எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அம்மா தேக்கா சந்தைக்கு ஆட்டுக்கறி வாங்கப் போயிருந்தார். மாமா பட்டறையில். ஹாலில் சட்டியைச் சூடாக்கி மறந்துவிட்ட மாதிரி ஒரு வாசனை. போய்த் துணியின் மேல் கையை வைத்தேன். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது.

துணியைத் தூக்கியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பு இல்லை, துணியைத் தூக்கினால் வானம் இடியும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் பேசியது பேசியதுதான். அம்மா தன் பக்கத்தைக் காப்பாற்றியிருந்தார். அந்த சுவிட்சைத் தாண்டித்தான் இரண்டு நாளும் வீட்டைப் பெருக்கினார். நான் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மேஜை விசிறியைக் கொண்டுவந்து ஒரு நாற்காலியில் வைத்து, துணியைப் பார்த்து மூன்றாம் நம்பரில் ஓடவிட்டேன். துணி உப்பி உப்பி அடங்கியது.

அம்மா இரண்டு கையிலும் பையோடு வந்தார். வேர்த்துப்போயிருந்தார். விசிறியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

"யாருக்குடா காத்து?"

"உள்ள சூடா இருக்கு."

"மாதாவுக்குக்கூட நான் ஃபேன் போட்டது கிடையாது லா."

அவர் விசிறியைத் தன் பக்கம் திருப்பவில்லை. சோபாவில் உட்கார்ந்து கோயில் அறிக்கைத் தாளால் விசிறிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைக்குப் போனார். பாஸ்கா பூசைக்குப் போகும்போது எல்லா சுவிட்சையும் அணைத்தார். டீவிக்குப் பின்னால் இருந்ததையும் விசிறியையும் விட்டுவிட்டார்.

ஈஸ்டர் ஞாயிறு காலை, குளித்துவிட்டு அம்மாவே வந்து துணியை எடுத்து மடித்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டீவியைப் போட்டேன். படம் வந்தது. மாமா சிலுவை போட்டுக்கொண்டார், தமாஷுக்கா நிஜமாகவா என்று தெரியவில்லை. பட்டனை அழுத்திக் கடைசி நிலத்துக்குள் போனோம்.

பெரிய கோட்டை. நடுவில் ஒரு நீண்ட முற்றம், அந்தக் கடைசியில் சிம்மாசனம். வலது ஓரத்தில் இரண்டு வரிசைக் கட்டம் மட்டும் விசித்திரமாக இருந்தது. பச்சையும் பழுப்பும் கலந்து, எழுத்துத் துண்டுகள் சிதறி, லேசாக நடுங்கியது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியோடு சமையலறை வாசல் வரை வந்து பார்த்தார். "ஓரத்துல என்னடா அது, புழு நெளியுற மாதிரி?"

"கோட்டைச் சுவர் அக்கா. இடிஞ்ச சுவர்," என்றார் மாமா.

சுவர் நடுங்காது. அது சூட்டில் வந்த கோளாறு என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் நாங்கள் இதுவரை பார்க்காத நிலம் அது, ஜப்பானியன் எந்தச் சுவரை எப்படி வரைவான் என்று யாருக்குத் தெரியும்? சுவராகவே இருக்கட்டும் என்று நானும் விரும்பினேன். வாயைத் திறக்கவில்லை.

மாமாவும் நானும் ஆளுக்கொரு முறையாக ஆடினோம். அவர் மொட்டையனை முற்றத்தின் வாசலில் நிறுத்தினார். நான் வில்லுக்காரியைத் தூணுக்குப் பின்னால் வைத்தேன். கண்ணுக்குத் தெரிந்த எதிரி ஒவ்வொருவனும் எட்டுகிற தூரத்தை மாமா கண்ணாடியைத் தொட்டு எண்ணினார். எண்ணிவிட்டு ஃபாதரை ஒரு கட்டம் தள்ளி நிறுத்தினார். வழக்கமான இடம். அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நடுங்குகிற ஓரம் இருந்தது.

எதிரியின் முறை. முற்றத்திலிருந்து இரண்டு வாள்காரர்கள் வெளியே வந்து நடுவழியில் நின்றார்கள். கணக்கு சரியாக இருந்தது. அதன் பிறகு அந்த ஓரத்திலிருந்து ஒரு வில்லுக்காரன் இறங்கி வந்தான். நீண்ட வில். அங்கே சுவர் இல்லை, அவன் முதலிலிருந்தே அங்கே நின்றிருக்கிறான். முதல் அம்பில் ஃபாதருக்குப் பாதி உயிர் போனது. இரண்டாவது அம்பில் மீதி. வெள்ளை அங்கி இரண்டு முறை மினுக்கி மறைந்தது. திரையின் கீழே ஒரு வரி ஜப்பானியம் வந்தது. சாகிறவன் கடைசியாக ஏதோ சொல்லிவிட்டுத்தான் போவான், அந்த விளையாட்டில் அப்படி.

சமையலறைப் பக்கம் கத்தியின் சத்தம் நின்றது.

பெட்டியில் இரண்டு பட்டன் உண்டு. ஒன்று அணைப்பது, ஒன்று முதலிலிருந்து தொடங்குவது. என் கை தானாகவே இரண்டாவதற்குப் போனது. ஒரு ஆள் போனால் முடித்த கணக்கு கிடையாது. சட்டம் அதுதான். கெட்டுப்போனதை வைத்துக்கொண்டு மேலே ஆடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

சட்டத்தை வைத்த மாமா என் கையைப் பிடிக்கவில்லை. கண்ட்ரோலரை என் மடியில் போட்டார்.

"ஒரு பேப்பர் போச்சுன்னு மத்த பேப்பரையும் எழுதாம வந்தவன்தானே நீ. அமுக்கு."

அவர் இந்த விஷயத்தை அதற்கு முன்னால் ஒருமுறைகூடப் பேசியதில்லை. கோபமாகச் சொல்லவில்லை, கிரேன்காரனுக்கு எடை சொல்வது மாதிரி சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லத் திரும்பினேன். அம்மா கத்தியோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை இல்லை. திரையில் மொட்டையன், குதிரைக்காரன், வில்லுக்காரி, மற்றவர்கள் எல்லோரும் வைத்த இடத்தில் நின்றார்கள். நான் பட்டனை அழுத்தும் வரை நின்றுகொண்டே இருப்பார்கள்.

கையை எடுத்துக் கண்ட்ரோலரைப் பிடித்தேன்.

அதன் பிறகு காயம் ஆற்ற ஆள் இல்லை. அடிபட்டவனைப் பின்னால் இழுத்து வேறொருவனை நிறுத்தி, அவனுக்கும் அடிபட்டால் மறுபடி மாற்றி, மெதுவாக முற்றத்தைத் தாண்டினோம். நடுங்குகிற ஓரத்தில் இனி எவனும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் எப்போதும் மொட்டையனையே காவலுக்கு வைத்தேன். அங்கிருந்து இன்னொருவனும் வந்தான். மொட்டையன் தாங்கிக்கொண்டான். பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டு அம்மா கதவோரம் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமா ஒரே ஒரு முறை, குதிரைக்காரனை நான் அவசரமாக நகர்த்தப் போனபோது, கிரேனை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையைக் காட்டினார். நான் திரும்ப எண்ணினேன். அவர் காட்டியது சரி.

சிம்மாசனத்தில் இருந்தவனை வில்லுக்காரிதான் முடித்தாள். வேறு யாரும் சாகவில்லை.

இசை மாறியது. நீல வானம், கொடி. பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரையில் வந்தார்கள். ஒவ்வொருவருக்குக் கீழேயும் நாலைந்து வரி எழுத்து. ஊருக்குப் போனானா, கல்யாணம் செய்துகொண்டானா, எங்களுக்குத் தெரியாது. மொட்டையன் வந்தபோது மாமா தலையாட்டினார். ஃபாதருடைய படமும் வந்தது, கறுப்பு வெள்ளையாக. அவருக்குக் கீழே ஒரே ஒரு வரி. கடைசியில் கோட்டையின் படம் வந்து நின்றுவிட்டது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அது நகரவில்லை. இனி செய்ய எதுவும் இல்லை.

மாமா அம்மாவிடம், இத்தனை நாளாக அணைக்க ஆசைப்பட்டாயே, இப்போது அணைத்துக்கொள் என்றார். அம்மா பிரியாணியைப் பார்க்க வேண்டும் என்று எழுந்துபோய்விட்டார். நான் சிவப்பு அட்டையை அவிழ்த்து மாமாவிடம் கொடுத்துவிட்டு சுவிட்சை அணைத்தேன். பெட்டி சாயங்காலம் வரை சுட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை இரவு ஷிப்ட் வழக்கம் போல. செவ்வாய்க்கிழமை காலை வந்ததும் பெட்டியின் மூடியைக் கழற்றித் தூசியை ஊதிவிட்டு, கால்களுக்கு அடியில் நாலு பாட்டில் மூடியை ஒட்டிக் காற்று போக வழி செய்தேன். போட்டுப் பார்த்தேன். ஓரம் நடுங்கவில்லை. முதல் நிலம் வந்தது. வாள் பிடித்தவனும் குதிரைக்காரனும் மட்டும், இரண்டு பேரும் பலமில்லாமல்.

அம்மா ரொட்டித் தட்டோடு வந்து நின்றார்.

"அதான் முடிச்சிட்டியே. மறுபடியும் எதுக்கு?"

"ஒருத்தர் குறைஞ்சுட்டார்மா. அது கணக்குல வராது."

அவர் பெட்டிக்கு அடியில் இருந்த பாட்டில் மூடிகளைக் குனிந்து பார்த்தார்.

"அடுத்த வருஷம் துணியை டீவி மேல மட்டும் போடறேன்," என்றார். பிறகு, "ஃபாதர் எப்ப வருவாரு?"

"மூணாவது சண்டையில."

"வந்ததும் கூப்பிடு," என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனார்.

மாமாவின் அட்டை சுவிட்சில் ஏற்கனவே தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் கட்டவில்லை.